கூரைகளை எண்ணிய தீவு: மரியா சூறாவளிக்குப் பின் டொமினிக்காவில் நடந்த சேதக் கணக்கெடுப்பு

பின்னணி

டொமினிக்கா என்றதும் டொமினிக்கன் குடியரசை நினைத்துக்கொள்பவர்கள் அதிகம். இது வேறு நாடு. வடக்கே குவாதலூப், தெற்கே மார்ட்டினிக் என்று இரண்டு பிரெஞ்சுத் தீவுகளுக்கு நடுவே கிடக்கும் சின்ன மலைத்தீவு. பரப்பு 750 சதுர கிலோமீட்டர், மக்கள் சுமார் 70,000 பேர். 1978-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. நடுவில் காடும் எரிமலைகளும். ஊர்கள் கடலோரத்திலும் ஆற்று முகத்துவாரங்களிலும். ஊருக்கும் ஊருக்கும் இடையே பெரும்பாலும் ஒரே சாலைதான். ஓரிடத்தில் மண் சரிந்துவிட்டால் அந்தப் பக்கத்து ஆட்கள் படகில்தான் வர வேண்டும்.

புயல் இந்தத் தீவுக்குப் புதிதில்லை. 1979-இல் டேவிட் சூறாவளி வந்தபோது மக்களில் முக்கால்வாசிப் பேர் வீடிழந்தார்கள். 2015 ஆகஸ்டில் வந்த எரிக்காவில் காற்று பெரிதாக இல்லை, மழைதான் ஆளைக் கொன்றது. பெத்தீத் சவான் என்ற ஊரையே காலி செய்ய வேண்டியதாயிற்று. அந்த ஒரு மழையில் ஏற்பட்ட சேதமும் இழப்பும் 483 மில்லியன் அமெரிக்க டாலர், அதாவது நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் ஏறத்தாழ 90 சதவீதம். அதனால் 2017-இல் புயல் என்றாலே வெள்ளமும் மண்சரிவும்தான் நினைவுக்கு வந்திருக்கும். டேவிட்டைப்போலத் தீவு முழுக்கக் கூரையைப் பிய்த்தெறிந்த காற்றை இந்த மண்ணில் கண்ட நினைவு இருப்பவர்கள் நாற்பது வயதைத் தாண்டியவர்கள்தான்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மரியா வந்தது 2017 செப்டம்பர் 18-இல். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால், செப்டம்பர் 6 அன்று, இர்மா சூறாவளி பார்புடாவைத் தாக்கியிருந்தது. பார்புடாவில் இருந்த அத்தனை பேரையும் பக்கத்துத் தீவான ஆன்டிகுவாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். செயின்ட் மார்ட்டின், அங்குவிலா, பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் என்று இர்மா அடித்த இடங்கள் நீண்டன. பார்படோஸில் தலைமையகம் கொண்ட கரீபியப் பேரிடர் அவசர மேலாண்மை முகமை, சுருக்கமாக சிடெமா, அந்த வேலையிலிருந்து நிமிர்வதற்குள் அடுத்தது வந்தது.

இந்த ஆய்வுக்குப் பொதுவில் கிடைக்கும் அறிக்கைகளையும் தரவுகளையும்தான் பயன்படுத்தியிருக்கிறேன். களத்தில் நான் இல்லை. தனிநபர் பெயர்கள் எதுவும் இதில் வராது. நான் பார்க்க விரும்பியது ஒரே விஷயம்: சேதத்தை யார், எப்போது, எதற்காக எண்ணினார்கள், அந்த எண் போய்ச் சேர்ந்த இடம் எது.

செப்டம்பர் 18: ஒரு பகல்

சூறாவளிகளைக் காற்றின் வேகத்தை வைத்து ஒன்று முதல் ஐந்து வரை வகை பிரிப்பார்கள், ஐந்துதான் உச்சம். அன்று விடியற்காலை 5 மணி அறிக்கையில் மரியா முதல் வகைச் சூறாவளி. காலை 11 மணிக்கு மூன்றாம் வகை. மாலை 5 மணிக்கு நான்கு. இரவு 8 மணிக்கு ஐந்து. இரவு 9.15 வாக்கில் மணிக்கு சுமார் 265 கிலோமீட்டர் வேகக் காற்றோடு கரையேறியது. டொமினிக்கா மீது ஐந்தாம் வகைச் சூறாவளி கரை கடந்ததாகப் பதிவாகியிருப்பது அதுதான் முதல் முறை.

காலையில் எழுந்து ஜன்னலுக்குப் பலகை அடிக்கத் தொடங்கியவர், முதல் வகைப் புயலுக்காகத்தான் அடித்திருப்பார். மதியம் அது வேறு புயல், இரவு முற்றிலும் வேறு. எச்சரிக்கை தவறியது என்று இதைச் சொல்ல முடியாது. அறிவிப்புகள் வந்துகொண்டேதான் இருந்தன. ஆனால் தயாராவதற்கும் ஒரு நேரம் பிடிக்கும் அல்லவா? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், மழையில், கூரையை இறுக்க யாராலும் ஏற முடியாது.

அன்றிரவு தன் வீட்டுக் கூரை போய்விட்டதையும், வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதையும் நாட்டின் பிரதமரே ஃபேஸ்புக்கில் எழுதினார். சற்று நேரத்தில் தன்னை மீட்டுவிட்டார்கள் என்றும் எழுதினார். அப்புறம் தீவிலிருந்து பேச்சில்லை.

குரல் வராத நாட்கள்

கைபேசிக் கோபுரங்கள் விழுந்தன, மின்கம்பங்கள் விழுந்தன, தண்ணீர்க் குழாய்கள் உடைந்தன. செப்டம்பர் 19 காலையில் வெளியுலகத்துக்குக் கிடைத்த தகவலில் கணிசமான பங்கு ஹாம் ரேடியோக்காரர்கள் வழியாக வந்தது. பேட்டரியும் கம்பியும் வைத்துக்கொண்டு, பொழுதுபோக்காக அந்த வேலையைப் பழகியிருந்த சாதாரண மனிதர்கள். எந்த ஊரில் பாலம் போயிற்று, எங்கே ஆட்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர்கள் சொன்னதைத்தான் மற்றவர்கள் குறித்துக்கொண்டார்கள். அவசர மேலாண்மைத் திட்டங்கள் எத்தனையோ பக்கங்களுக்கு எழுதப்படுகின்றன. அந்தக் காலையில் வேலை செய்தது இது.

ஹெலிகாப்டரில் பறந்து பார்த்தவர்கள் முதலில் சொன்னது நிறத்தைப் பற்றி. பச்சைத் தீவு பழுப்பாகிவிட்டது. மரங்கள் நிற்கின்றன, இலை ஒன்றுகூட இல்லை. பல இடங்களில் பட்டையும் உரிந்திருந்தது. சரிவுகளில் மண் வழிந்த தடங்கள். பின்னாளில் செயற்கைக்கோள் படங்களை வைத்து எண்ணியபோது, மண்சரிவுகளும் சேற்று வெள்ளத் தடங்களுமாகப் பத்தாயிரத்தை ஒட்டி வந்தது. ஊர்களில் கூரை இல்லாத வீடுகள். அந்தத் தகரங்கள் தெருவிலும் ஆற்றிலும் மரத்திலும் கிடந்தன.

மேலிருந்து பார்த்த இந்தக் காட்சியில்தான் முதல் சிக்கல் இருக்கிறது. எல்லா இடமும் ஒன்றுபோலத் தெரிந்தால், எந்த இடத்துக்கு முதலில் போவது? தலைநகர் ரோசோவுக்குத் தெற்கே இருக்கும் பொய்ன்ட் மிஷேல் போன்ற ஊர்களில் மண்சரிவும் வெள்ளமும் உயிர்களைப் பலிவாங்கியிருந்தன. மேலே இருந்து பார்த்தால் அதுவும் பழுப்பு, பக்கத்து ஊரும் பழுப்பு. இறந்தவர் கணக்கு முதலில் ஏழு என்றார்கள், செப்டம்பர் 21 வாக்கில் 15 பேர் இறந்தார்கள், 20 பேரைக் காணவில்லை என்றார்கள். கடைசியாக 31 பேர் இறப்பு, 34 பேர் காணாமல் போனவர்கள் என்று பதிவானது. மலைப்பாதையில் நடந்து போய் ஒவ்வொரு ஊரையும் தொட்ட பிறகுதான் எண் நிலைக்கு வந்தது.

இதற்கு நடுவில் தலைநகரில் கடைகள் சூறையாடப்பட்டன. அவசர நிலையும் மாலை 4 முதல் காலை 8 வரை ஊரடங்கும் வந்தன. பாதுகாப்புக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் கணக்கெடுப்பவருக்கும் நிவாரண லாரிக்கும் கிடைத்தது எட்டு மணி நேரப் பகல்தான். சாலையே இல்லாத நிலையில் எட்டு மணி நேரம் என்பது போகவர மட்டும்தான் காணும்.

மரியாவும் நிற்கவில்லை. செப்டம்பர் 20 அன்று போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியது. மூன்று மில்லியனுக்கும் மேல் மக்கள் உள்ள அந்தத் தீவின் பக்கம் உலகச் செய்திகள் திரும்பிவிட்டன.

முதல் முடிவு: எண்ணாமல் கொடுத்தது

தண்ணீர், உணவு, தார்ப்பாய் ஆகியவற்றை வீடுவீடாகக் கணக்குப் பார்த்துக் கொடுக்கப் போவதில்லை என்பது முதல் நாட்களிலேயே தெளிவாகிவிட்டது. தீவு முழுக்கவே அடிபட்டிருக்கிறது என்றால் யாருக்குத் தேவை என்று கேட்பதில் அர்த்தமில்லை. வான்வழிக் கணிப்பில் கிடைத்த "பத்தில் ஒன்பது கூரைக்குச் சேதம்" என்ற எண் இந்த முடிவுக்குப் போதுமானதாக இருந்தது. என் பார்வையில் இது சரியான முடிவு.

பணத்திலும் இதே கதைதான். கரீபிய நாடுகள் சேர்ந்து நடத்தும் சிசிரிஃப் என்ற பேரிடர்க் காப்பீட்டு நிதியிலிருந்து சுமார் 19 மில்லியன் டாலர் இரண்டு வாரத்துக்குள் அரசின் கைக்கு வந்தது. அந்தக் காப்பீடு எந்த வீட்டையும் வந்து பார்ப்பதில்லை. காற்று இவ்வளவு, புயல் போன பாதை இது என்று கணினி மாதிரியில் போட்டு, வரம்பைத் தாண்டினால் பணத்தை அனுப்பிவிடும். எண்ணாததால்தான் அது வேகமாக வந்தது. அதே காரணத்தால் அது தவறவும் கூடும். எரிக்காவின்போது காற்று குறைவு என்பதால் சூறாவளிக் காப்பீடு ஒன்றும் தரவில்லை, அதிமழைக் காப்பீட்டிலிருந்து 2.4 மில்லியன் டாலர்தான் வந்தது. சேதமோ 483 மில்லியன்.

இரண்டாவது: நாட்டுக்கான கணக்கு

உலக வங்கி, ஐநா அமைப்புகள், கிழக்குக் கரீபிய மத்திய வங்கி, கரீபிய வளர்ச்சி வங்கி, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவை அரசோடு உட்கார்ந்து செய்த பேரிடர்ப்பிந்தைய தேவை மதிப்பீடு நவம்பரில் வெளிவந்தது. சேதம் 931 மில்லியன் டாலர், இழப்பு 382 மில்லியன். இரண்டும் சேர்ந்து 2016-ஆம் ஆண்டு உற்பத்தியில் 226 சதவீதம். ஒரு குடும்பம் இரண்டேகால் வருடச் சம்பளத்தை ஒரே இரவில் தொலைத்ததுபோல.

இதில் சேதம் என்பது உடைந்த பொருளின் மதிப்பு. இழப்பு என்பது அது உடைந்ததால் வராமல் போன வருமானம். சேதத்தில் முதலிடம் வீடுகளுக்கு, ஏறத்தாழ 38 சதவீதம். இழப்பில் முதலிடம் வேளாண்மைக்கு. வாழைத்தோட்டக்காரரின் வீடு தப்பியிருந்தால்கூட, அவருக்கு அடுத்த பல மாதங்களுக்கு வரவு கிடையாது. இந்த மதிப்பீடு மாதிரிகளையும் பழைய மக்கள்தொகைக் கணக்கையும் வைத்துச் செய்தது. நன்கொடை நாடுகளின் கூட்டத்தில் வைப்பதற்கு அது பொருத்தமான ஆவணம். எந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு எத்தனை தகரம் வேண்டும் என்று அதில் தேட முடியாது.

மூன்றாவது: நான்கு நிறங்கள்

அதற்காகத்தான் கட்டடம் கட்டடமாகக் கணக்கெடுக்க முடிவெடுத்தார்கள். ஐநா வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு அரசு உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தது. டேப்லட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் தீவு முழுக்க நடந்தார்கள். 29,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள். ஒவ்வொன்றுக்கும் இருப்பிடக் குறிப்பு, படம், நிறம். பச்சை என்றால் லேசான பாதிப்பு, மஞ்சளும் ஆரஞ்சும் நடுவே, சிவப்பு என்றால் வீடே போயிற்று. 70,000 பேர் உள்ள நாட்டில் ஏறக்குறைய எல்லாக் கட்டடத்தையும் நேரில் போய்ப் பார்த்தது சாதாரண வேலையல்ல. 

ஆய்வாளர் எதைப் பார்த்தார் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். தீவின் சாதாரண வீட்டுக்குச் சுவர் கான்கிரீட் கல்லாக இருக்கலாம், முழுக்க மரமாகவும் இருக்கலாம். மேலே மரச்சட்டம், அதன்மேல் துத்தநாகம் பூசிய தகரம். சூறாவளி கூரையை அமுக்குவதில்லை, உறிஞ்சித் தூக்குகிறது. முதலில் கிளம்புவது ஓரமும் முகடும். தகரம் படபடக்கப் படபடக்க ஆணி கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். இந்த நேரத்தில் ஒரு ஜன்னல் உடைந்தால் போதும், காற்று உள்ளே புகுந்து கீழிருந்தும் தள்ளும். கைமரத்தைச் சுவரோடு பிடித்துக் கட்டும் இரும்புப் பட்டை இல்லையென்றால் சட்டத்தோடு எல்லாம் போய்விடும். தாழ்வாரம் வீட்டுக்கூரையின் தொடர்ச்சியாகவே இறங்கியிருந்தால் இன்னும் மோசம்: தாழ்வாரம் போகும்போது வீட்டுக்கூரையையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஆக, இரண்டு வீடுகள். ஒன்றில் தகரம் மட்டும் போயிருக்கிறது, சட்டம் நிற்கிறது. மற்றொன்றில் சட்டமும் போய்விட்டது. பொறியாளர் பார்வையில் இரண்டும் வேறு, பழுதுபார்க்கும் செலவும் வேறு. உள்ளே இருந்த குடும்பத்துக்கோ இரண்டும் ஒன்றுதான்: மெத்தை நனைந்தது, அடுப்பு போயிற்று, பிள்ளைகளின் புத்தகம் கூழாயிற்று, இரவு படுக்க இடமில்லை. அடுத்து, தகரம் ஓரளவு நிலைத்து, பச்சை வாங்கிய மூன்றாவது வீடு. அதில் வாடகைக்கு இருப்பவரின் தோட்டமோ படகோ போயிருந்தால் அவர் நிலை முதல் இருவரைவிட மேல் என்று சொல்ல முடியுமா? நிறம் கட்டடத்தின் மேல் ஒட்டுகிறது, அதற்குள் இருந்தவர் மேல் ஒட்டுவதில்லை.

காலமும் ஒரு தொந்தரவு. கணக்கெடுப்பு 2018 தொடக்கம் வரை நீண்டது. அதுவரை யாரும் மழையில் நனைந்துகொண்டு ஆய்வாளருக்காகக் காத்திருக்க மாட்டார்கள். தெருவில் கிடந்த தகரத்தைப் பொறுக்கி, வளைவை நிமிர்த்தி, பழைய ஆணியிலேயே அடித்து மாட்டிக்கொள்வார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கூரை இருக்கிறது. அடுத்த புயலுக்கு அது கூரையா என்பது படத்தில் தெரியாது.

நான்காவது: ஆட்களுக்கான கணக்கு

குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் தரும் திட்டம் தனி வழியில் வந்தது. உலக உணவுத் திட்டமும் யுனிசெஃபும் அரசோடு சேர்ந்து 2017 டிசம்பர் தொடங்கி மூன்று மாதங்களுக்கு இதை நடத்தின. ஒரு குடும்பத்துக்கு மாதம் சுமார் 90 டாலர், பிள்ளைகள் இருந்தால் தலைக்கு 50 டாலர் கூடுதல், மூன்று பிள்ளை வரை. மொத்தம் சுமார் 25,000 பேரை எட்டியது.

இதில் எடுத்த முக்கியமான முடிவு, புதிதாக ஓர் அமைப்பை நிறுவாமல் ஏற்கெனவே இருந்த அரசு உதவித்தொகைத் திட்டத்தின் மேலேயே கட்டியது. பட்டியலில் முன்பே இருந்த ஏழைகளுக்குத் தொகையைக் கூட்டினார்கள். புயலால் புதிதாக விழுந்தவர்களை அதே பட்டியலில் சேர்த்தார்கள். ஒவ்வோர் ஊர் மன்றத்திலும் எழுத்தர் ஒருவர் இருப்பார். யார் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிழவி இருக்கிறார், யார் பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பழைய திட்டத்திலும் மாதாமாதம் ரொக்கத்தை எண்ணிக் கொடுத்தவர் அவர்தான்.

குறை என்னவென்றால் பட்டியல்கள் பெரும்பாலும் காகிதத்தில் இருந்தன. புதியவர்களைச் சேர்க்கப் படிவம், சரிபார்ப்பு, மறுபடி சரிபார்ப்பு. புயல் அடித்தது செப்டம்பர் 18, முதல் தவணை டிசம்பர். கையில் காசில்லாத அந்த மூன்று மாதத்தில்தான் பலர் படகேறிக் குவாதலூப்புக்கும் ஆன்டிகுவாவுக்கும் போனார்கள்.

பின்னர் நடந்தது

செப்டம்பர் 23 அன்று ஐநா பொதுச்சபையில் பேசிய பிரதமர், உலகின் முதல் காலநிலைத் தாங்குதிறன் நாடாக டொமினிக்காவை எழுப்பப் போவதாக அறிவித்தார். 2018-இல் அதற்கென்று தனிச் செயலாக்க முகமையைச் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். வீடு கட்டும் வழிகாட்டி திருத்தப்பட்டது: நாற்புறமும் சரியும் கூரை, ஆணிக்குப் பதில் ஸ்க்ரூ, இரும்புப் பட்டை, தாழ்வாரத்துக்குத் தனிக்கூரை. நிற அட்டவணை இதில் கை கொடுத்தது. சிவப்பு எத்தனை, எங்கே என்று தெரிந்ததால் புது வீட்டுத் திட்டங்களுக்கு இடம் பார்க்க முடிந்தது. எல்லாம் சேர்ந்து நடக்க ஆண்டுகள் ஆயின. 2018 ஜூன் 1-இல் அடுத்த புயல் பருவம் தொடங்கியபோது தார்ப்பாய் போட்ட வீடுகள் இன்னும் நிறைய இருந்தன. தீவின் போர்ட்ஸ்மவுத் நகரில் இருந்த அமெரிக்க மருத்துவக் கல்லூரி திரும்பி வரவில்லை, பார்படோஸுக்குப் போய்விட்டது. அந்த மாணவர்களின் வாடகையை நம்பியிருந்த வீட்டுக்காரர்கள் எந்த நிறத்திலும் இல்லை.

எதை மாற்றலாம்

பெரிய விஷயம் ஒன்று. கட்டடக் கணக்கும் குடும்பக் கணக்கும் இரண்டு வாசல்களில் நடந்தன. ஆய்வாளரின் டேப்லட்டில் வீடு இருந்தது, எழுத்தரின் தாளில் ஆள் இருந்தார். ஒரே வீட்டு எண் இரண்டிலும் இருந்திருந்தால் ஒன்றை மற்றொன்றின் மேல் வைத்துப் பார்த்திருக்கலாம்: சிவப்பு வீடு, உள்ளே எழுபது வயதுக்காரர் தனியாக. புயல் இல்லாத மாதங்களில் செய்ய வேண்டிய வேலை இது. புயலுக்குப் பின் முகவரி தேடுவது முடியாத காரியம்; அடையாளம் சொல்ல மரமும் இருக்காது, கடையும் இருக்காது.

படிவத்தில் ஒரு கேள்வியையும் சேர்க்கலாம்: இன்றிரவு இதற்குள் யாராவது படுக்க முடியுமா? பழுதுபார்க்கும் செலவுக்கு நான்கு நிறம் இருக்கட்டும், இதற்கு ஆம், இல்லை போதும்.

முன்பே பட்டியலில் இருக்கும் ஏழைகளுக்கான முதல் தவணைக்குச் சேதக் கணக்கு எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து. ஐந்தாம் வகைப் புயல் தீவைக் கடந்துவிட்டது என்ற ஒரு செய்தியே போதும். காப்பீட்டு நிதி அப்படித்தான் செய்தது. புதியவர்களைச் சேர்ப்பது பின்னால் நடக்கட்டும்.

கிழக்குக் கரையில் உள்ள, தீவின் பூர்வகுடிகளான கலினாகோ மக்களின் பகுதியில் இன்னொரு முடிச்சு உண்டு. 1903-இல் ஒதுக்கப்பட்ட அந்த நிலம் முழுவதும் சமூகத்துக்குப் பொதுவானது. தனி ஆளுக்குப் பட்டா கிடையாது. அதனால் நிலத்தைக் காட்டி வங்கிக் கடன் வாங்க முடியாது. உரிமைப் பத்திரத்தைக் கேட்கும் எந்த வீட்டு உதவியும் அங்கே வாசலிலேயே நின்றுவிடும். அங்கே யாருடைய வீடு எது என்பதற்கு மன்றத்தின் வாய்ச்சொல்தான் ஆவணம். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்க வேண்டும்.